பவளத்தைத் தின்னாத மீன் எது?

ஆரணியிலிருந்து கடலைத் தொட வேண்டுமென்றால் எந்தச் சாலையில் போனாலும் நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. கமண்டல நாகநதியில் தண்ணீர் ஓடும் நாட்களையே ஊர் ஆவலோடு எதிர்பார்க்கிறது. தறி, சாயப்பட்டறை, முகூர்த்தப் பட்டு என்று வாழும் இந்த ஊரில், ஒரு வீட்டுக் கூடத்தின் கண்ணாடித் தொட்டிக்குள் உப்புநீரும் கோமாளி மீனும் அசையும் பவளமும் உயிரோடு இருக்க முடியுமா? முடியும். கடல்நீர் தயாரிக்கும் உப்புக் கலவை, எல்.இ.டி. விளக்கு, நீரோட்ட மோட்டார் எல்லாம் இன்று கூரியரில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. மீன் வேண்டுமானால் அலங்கார மீன் வணிகத்துக்குப் பேர்போன சென்னை கொளத்தூர் அரைநாள் பயணத்தில் இருக்கிறது.

கடைக்குப் போகிறவர் முதலில் கேட்பது பெரும்பாலும் “இதில் எது அழகு?” என்றுதான். கடல் தொட்டியைப் பொறுத்தவரை அதற்கு முன்பே கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எது எதைத் தின்னும்? மீனையும் பவளத்தையும் ஒரே நீரில் வாழவைக்கும் கலை முழுவதும் இங்கிருந்துதான் கிளைக்கிறது. இந்தியாவில் இதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது: எதை வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது?

பவளம் கல்லைப்போலத் தெரியும், செடியைப்போல ஆடும், ஆனால் அது விலங்கு. பாலிப் எனப்படும் சின்னஞ்சிறு உடல்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழும் குடியிருப்பு. ஒவ்வொரு பாலிப்புக்கும் நடுவே ஒரு வாய், அதைச் சுற்றிலும் கொட்டும் உணர்கொம்புகள். சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெளிச்சத்தில் சர்க்கரை தயாரித்துப் பவளத்துக்கு ஊட்டுகின்றன. ஆக, பசித்த மீனுக்குப் பவளம் என்பது ஓடவும் முடியாத, ஒளியவும் முடியாத இறைச்சி. பவளத்தைத் தின்னும் மீன் இனங்கள் 128 என்று 2008-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு கணக்கிட்டது. அவற்றில் 69 இனங்கள் வண்ணத்துப்பூச்சி மீன் குடும்பத்தைச் சேர்ந்தவை.

கடைத் தொட்டிகளில் கண்ணை முதலில் இழுப்பதும் அந்தக் குடும்பம்தான். தட்டையான உடல், மஞ்சளும் கருப்புமான பட்டைகள், குவிந்து நீண்ட வாய். பல இனங்களுக்கு அந்த வாய் பாலிப்புகளைக் கொத்தி எடுக்கவே அமைந்தது. உடலெங்கும் அம்பு முனை போன்ற கோடுகள் ஓடும் செவ்ரான் என்ற இனம், அக்ரோபோரா எனும் கிளைப் பவளத்தையே அநேகமாக முழு உணவாகக் கொண்டது. பவளம் உள்ள தொட்டியில் விட்டால் பவளம் போகும், பவளம் இல்லாத தொட்டியில் விட்டால் மீன் போகும். உலர்தீனியை அது ஏறெடுத்தும் பார்க்காது. வயிறு ஒட்டி, முதுகு மெலிந்து, நாளாக நாளாக ஓய்ந்து சாகும். இப்படிப்பட்ட மீனைப் ‘பொருந்தாத மீன்’ என்ற பட்டியலில் எழுதிவிட்டு நகர்வது போதாது. அதை விற்பதும் வாங்குவதும் கண்ணாடிக்குள் அடைத்துப் பட்டினி போடுவதற்குச் சமம். இந்த வணிகம் நிற்க வேண்டும்.

அடுத்தது தேவதை மீன். குட்டியாக இருக்கும்போது கருநீல உடலில் வெள்ளை வளையங்களும், வளர்ந்தபின் மஞ்சள் கோடுகளும் கொண்ட பேரரசர் தேவதை 40 சென்டிமீட்டர் வரை வளரும். கடலில் அதன் முக்கிய உணவு கடற்பஞ்சு. தொட்டியில் அது கிடைக்காதபோது மென் பவளங்களையும் தடித்த சதைகொண்ட பவளங்களையும் கடித்துப் பார்க்கும். குட்டைத் தேவதை மீன்களைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. ஒரே இனத்தில் ஒன்று ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக இருக்கும், இன்னொன்று வந்த வாரமே பவளத்தைக் கொத்தத் தொடங்கும்.

நம் கடற்கரை மீனவர்களுக்குப் பழக்கமான பெயர்களிலேயே மிச்சத்தைச் சொல்லிவிடலாம். கிளாத்தியின் பல் நண்டின் ஓட்டையே உடைக்கும். பேத்தையின் அலகும் அப்படித்தான். கிளிமீன் பவளப்பாறையைச் சுரண்டித் தின்று மணலாகக் கழிக்கும். இவை மூன்றும் பவளத் தொட்டிக்கு ஆகாது. களவாய் பவளத்தைத் தொடாது, ஆனால் வாய்க்குள் நுழையும் எந்த மீனையும் விடாது. ஓரா வேறு ரகம். பாசி தின்னும் சாது அது. முதுகு முள்ளில் விஷம் உண்டு என்பதை மட்டும் கை நினைவில் வைத்திருக்க வேண்டும். வால் அடியில் கத்தி போன்ற முள் கொண்ட சர்ஜன் மீன்களும் பாசி மேய்பவைதான், பவளத்துக்கு உதவுபவை. சிக்கல் அவற்றின் அளவில். ‘டோரி’ என்று குழந்தைகள் கேட்டு அடம்பிடிக்கும் நீல சர்ஜன் மீன் 30 சென்டிமீட்டர் வளரக்கூடியது, நாளெல்லாம் நீந்தித் திரிவது. மூன்றடித் தொட்டியில் அதை விடுவது கொடுமை.

அப்படியானால் எதை வைப்பது? கோமாளி மீன், உளுவை இனத்துச் சிறு மீன்கள், குரோமிஸ், கார்டினல் ஆகியவை பவளத்தைச் சீண்டாதவை. உளுவைகளில் ஒரு பிரிவு சுடும் இறாலோடு கூட்டுக் குடித்தனம் நடத்துகிறது. கண் மங்கிய இறால் மணலில் வளை தோண்ட, மீன் வாசலில் காவல் நிற்கும். இறாலின் மீசை மீனின் உடலைத் தொட்டபடியே இருக்கும், ஆபத்து என்றால் மீன் வாலை ஒரு சிலிர்ப்பு சிலிர்க்கும், இரண்டும் உள்ளே. சிறிய தொட்டியில் இந்த ஒரு ஜோடியைப் பார்த்துக்கொண்டே ஒரு மாலைப்பொழுதைக் கழிக்கலாம்.

சாதுவாக இருந்தும் வைக்கக்கூடாதவை உண்டு. மாண்டரின் மீன் பவளத்தை ஏறிட்டும் பார்க்காது, ஆனால் பாறை இடுக்கில் ஊரும் நுண்ணிய ஓட்டுயிரிகளை நாள் முழுக்கப் பொறுக்கித் தின்றால்தான் அதற்கு உயிர் தங்கும். புதிய, சிறிய தொட்டியில் அந்த இரை சில வாரங்களில் தீர்ந்துவிடும். மற்ற மீன்களின் ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் துப்புரவு மீனுக்கும் இதே கதிதான்.

கோமாளி மீன் என்றதும் கடல் சாமந்தியும் வேண்டும் என்று நினைப்பது ‘ஃபைண்டிங் நீமோ’ 2003-ல் உலகுக்குக் கொடுத்த பழக்கம். தொட்டியில் எதிரி இல்லாததால் கோமாளி மீனுக்குச் சாமந்தி கட்டாயமில்லை. சாமந்தியோ நடக்கும். இடம் பிடிக்காவிட்டால் இரவோடு இரவாக நகர்ந்து, வழியில் உள்ள பவளங்களை எல்லாம் கொட்டிவிட்டு, கடைசியில் மோட்டாரின் வாயில் சிக்கி அரைபட்டுத் தொட்டியையே நஞ்சாக்கும். முதல் ஆண்டில் சாமந்தி வேண்டாம்.

எந்தப் பவளம்?

மேலைநாட்டுக் காணொளிகளில் தெரியும் தொட்டிகளை அப்படியே நகலெடுக்க இங்கே வழியில்லை. இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியலில், 2001 முதல் பவளங்கள் இருக்கின்றன. பாறை கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் குழாய்ப் பவளம், கடல் விசிறிகள் எல்லாம் இதில் அடங்கும். கடல்குதிரையும் கடல் அட்டையும்கூட உண்டு. முதல் அட்டவணை உயிரி சம்பந்தப்பட்ட குற்றத்துக்குச் சிறைத்தண்டனை 3 முதல் 7 ஆண்டுகள், 2022 திருத்தத்துக்குப் பின் அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். “இது வெளிநாட்டுச் சரக்கு, ஒன்றும் ஆகாது” என்று விற்பவர் வாயால் சொல்வது வழக்கு வந்தால் செல்லாது. உயிருள்ள பாறை என்ற பெயரில் கடலில் இருந்து உடைத்து வரும் துண்டும் பவளத்தின் எலும்புக்கூடுதான். அதற்குப் பதிலாகச் சுட்ட பீங்கான் பாறை இருக்கிறது, எரிமலைக் கல் இருக்கிறது. நுண்ணுயிர் குடியேற நாளாகுமே தவிர வேலை அதே வேலைதான்.

இந்தச் சட்டத்தின் நியாயம் புரிய மன்னார் வளைகுடாவைப் பார்த்தால் போதும். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள், 117 கடினப் பவள இனங்கள். 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி இது. அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் கடலுக்குள் மூழ்கியே போயின. பிறகு வெப்பம் வந்தது. 2016 கோடையில் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. அங்கே உயிருள்ள பவளப் பரப்பு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7 விழுக்காடாகச் சரிந்தது. இந்த நிலையில் இருக்கும் கடலிலிருந்து யாருடைய கூடத்துக்கும் ஒரு துண்டுகூட வரக்கூடாது.

ஆகவே ஆரணி வீட்டுத் தொட்டிக்கு உரியவை எலும்புக்கூடு கட்டாத வகைகள். தோல் போன்ற லெதர் பவளம், மஷ்ரூம், ஸீனியா, பொத்தான் பூக்கள் போல விரியும் சோவாந்தஸ். தொட்டியிலேயே வெட்டி வளர்த்த துண்டுகளாக, பெயரும் மூலமும் எழுதிய ரசீதோடு வாங்க வேண்டும். இவற்றைக் கிடைக்காததற்கு மாற்று என்று நினைக்கத் தேவையில்லை. கடினப் பவளம் கேட்கும் கால்சியம் கணக்கும் கடும் வெளிச்சமும் இவற்றுக்கு வேண்டாம், சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும், நீரோட்டத்தில் ஆடும் அழகும் இவற்றுக்கே அதிகம்.

சோவாந்தஸ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை மிக முக்கியம். இவ்வகையில் சிலவற்றில் பேலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. 2018-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷர் பகுதியில் ஒருவர் தொட்டிப் பாறையைச் சுத்தம் செய்யப்போய், நஞ்சு காற்றில் கலந்து குடும்பமே மருத்துவமனையில் சேர்ந்தது. உதவிக்கு வந்த காவலர்களையும் சேர்க்க வேண்டியிருந்தது. இந்தப் பாறையை ஒருபோதும் வெந்நீரில் போடவோ, கொதிக்கவைக்கவோ, உலர்த்திச் சுரண்டவோ கூடாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டக் கூடாது.

பவளத்துக்கும் பவளத்துக்குமே பகை உண்டு. லெதர் பவளம் நீரில் கசியவிடும் வேதிப்பொருள் பக்கத்திலிருக்கும் மற்ற பவளங்களை வளரவிடாமல் அடக்கும். ஸீனியா பாறை முழுக்கப் படர்ந்து மற்றவற்றை மூடிவிடும். எனவே ஸீனியாவைத் தனிப் பாறையில் வைப்பதும், வடிகட்டியில் கரித்தூள் பை போடுவதும், இரண்டு இனங்களுக்கு நடுவே ஒரு சாண் இடம் விடுவதும் தேவை. வாங்கிய அன்று அந்த இடைவெளி வெறுமையாகத் தெரியும். ஓர் ஆண்டில் நிரம்பிவிடும்.

மீனால் பவளத்துக்கு என்ன லாபம்?

இதுவரை சொன்னது யார் யாரைக் கெடுப்பார்கள் என்ற கணக்கு. உண்மையில் மீன் இல்லாத தொட்டியில் பவளம் பசித்திருக்கும். 1983-ல் ‘சயின்ஸ்’ இதழில் கரீபியன் கடலைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. பகலில் மீன்கூட்டங்கள் ஓய்வெடுக்கும் பவளங்கள், மீன் தங்காத பவளங்களைவிட வேகமாக வளர்ந்தன. மீனின் கழிவிலிருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் உரம். கிளைப் பவளங்களுக்குள் இரவில் ஒதுங்கும் சிறு டாம்செல் மீன்கள் தூக்கத்திலும் துடுப்பை அசைத்துக்கொண்டே இருப்பதையும், அந்த அசைவு பவளத்தின் உள்கிளைகளுக்குப் பிராணவாயு கொண்டுசெல்வதையும் 2004-ல் செங்கடலில் கண்டறிந்தார்கள். ஃபிஜித் தீவுகளில் கண்டது இன்னும் வியப்பானது. அக்ரோபோராவின் மேல் நச்சுப்பாசி பட்டதும் பவளம் ஒரு வேதிச் செய்தியை நீரில் விட, அதில் குடியிருக்கும் சிறு உளுவை மீன்கள் சில நிமிடங்களில் வந்து பாசியைக் கத்தரித்துவிட்டன. 2012-ல் வெளியான இந்த ஆய்வு, பவளமும் மீனும் ஒரே வீட்டுக்காரர்கள் என்பதற்கு அழுத்தமான சான்று.

வீட்டுத் தொட்டியில் இதன் பொருள் மிக நடைமுறையானது. மீன் அதிகமானால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறிப் பாசி மூடும். மீனே இல்லாவிட்டால் மென் பவளங்கள் வாடும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டி விளிம்பு வரை நிறைந்தால் ஏறக்குறைய 190 லிட்டர். பாறை போக மிஞ்சும் நீருக்கு நான்கைந்து சிறு மீன்கள் போதும், அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம்.

கடல் மீனைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்ப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் யோசனையில் பிறந்த மெரினா மீன்காட்சியகம் 1909-லேயே திறக்கப்பட்டது. மீனை வைத்தார்கள், கடல்நீர் பக்கத்திலேயே இருந்தது. வீட்டுத் தொட்டியில் பவளம் நிலைத்தது வெகுகாலம் கழித்துத்தான். இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் உயிருள்ள பாறையையும் காற்றுக் குமிழ்களையும் மட்டுமே நம்பித் தொட்டி நடத்தி, 1961-ல் அதை எழுதி வெளியிட்டார். பாறையில் வாழும் பாக்டீரியாதான் உண்மையான வடிகட்டி என்ற புரிதல் அங்கிருந்து பரவியது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் அந்த நுண்ணுயிர்க் கூட்டம் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் மீன் விடக் கூடாது.

ஆரணியின் தண்ணீரும் வெயிலும்

பட்டுநூலின் பசை நீக்க அதைச் சோப்புநீரில் வேகவைப்பவர்களுக்குக் கடினநீரின் தொல்லையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்புக் கலவையைக் கொட்டினால் கடல்நீர் ஆகாது. அந்த நீரில் ஏற்கெனவே உள்ள உப்புகள் கணக்கைக் குலைக்கும், நைட்ரேட்டும் சிலிக்காவும் பாசிக்குத் தீனியாகும். ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும். சுவைக்காகத் தாது சேர்க்கும் பகுதி அந்தக் கருவியில் இருந்தால் அதற்கு முன்பாகவே நீரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்ற கணக்கில் இந்தத் தொட்டிக்கு ஏறக்குறைய ஏழு கிலோ கலவை தேவைப்படும். சமையல் உப்பு உதவாது. கடல்நீரில் உள்ள மெக்னீசியம், கால்சியம், சல்ஃபேட், பொட்டாசியம் எதுவும் அதில் போதிய அளவில் இல்லை.

வெயில்தான் பெரிய சோதனை. பவளம் விரும்புவது 25 முதல் 27 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் வேலூர், ஆரணி வட்டாரம் 40 டிகிரியைத் தாண்டும். மன்னார் வளைகுடாவில் நடந்த வெளுப்பு கூடத்துத் தொட்டியிலும் நடக்கும்: நுண்பாசி வெளியேறும், பவளம் வெள்ளையாகிப் பசியால் சாகும். இங்கே உள்நாட்டு ஊருக்கு ஒரு வரம் இருக்கிறது. கோடைப் பகலில் காற்று உலர்ந்திருப்பதால், நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி ஓடவிட்டால் நீர் வேகமாக ஆவியாகிக் குளிரும். புழுக்கமான சென்னையில் இவ்வளவு பலன் கிடைக்காது. நூறு லிட்டர் நீரை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறத்தாழ 170 மில்லி ஆவியானால் போதும். ஆனால் அறையின் சூடு விடாமல் ஏறிக்கொண்டே இருப்பதால் நாளொன்றுக்கு லிட்டர் கணக்கில் நீர் குறையும். அந்த இழப்பை உப்பில்லாத ஆர்.ஓ. நீரால் நிரப்ப வேண்டும், ஏனெனில் ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. விளக்கை மாலையில் ஏற்றி நள்ளிரவுக்கு முன் அணைத்தால் பகல் வெப்பத்தோடு விளக்கின் வெப்பமும் சேராது. மின்வெட்டுக்கு இன்வெர்ட்டரில் நீரோட்ட மோட்டாருக்கும் ஒரு இணைப்பு வேண்டும். சூடான நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும் என்பதால் மே மாத மின்வெட்டு மீனுக்கு முதலில் மூச்சுத்திணறலாகவே வரும்.

கொசு மருந்து தெளிக்கும்போது தொட்டியை மூட வேண்டும். பைரெத்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சு. செம்பு இன்னும் ஆபத்து. செம்புக் குடத்தில் பிடித்துவைத்த நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. பித்தளைக் குழாய் இணைப்பும் வேண்டாம். சரிகையிலும் செம்பு கலந்திருக்கும், ஆகவே தறியிலிருந்து எழுந்துவந்து தொட்டிக்குள் கைவிடுமுன் கையைக் கழுவிக்கொள்வது நல்லது.

மீன் பவளப் பொருத்தத்தில் பலரும் கடைசியாகக் கவனிக்கும் சிக்கலும் செம்பால் வருவதுதான். கடல்மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் அதற்கு நம்பகமான மருந்து செம்பு. லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவில் ஒட்டுண்ணியைக் கொல்லும். அதே அளவு பவளத்தையும் இறாலையும் சேர்த்துக் கொல்லும். பாறையில் ஊறிய செம்பு பிறகும் கசிந்துகொண்டிருக்கும். பவளத் தொட்டிக்குள் வைத்து மீனுக்கு வைத்தியம் பார்க்க முடியாது. ஆகவே வெறும் கண்ணாடித் தொட்டி ஒன்று தனியாக வேண்டும். புது மீன் எதுவானாலும் நான்கு வாரமாவது அதில் இருந்து, நோயில்லை என்று தெரிந்தபின் பெரிய தொட்டிக்குப் போகட்டும். இந்த ஒரு செலவைத் தவிர்த்தவர்கள்தான் பெரும்பாலும் முழுத் தொட்டியையும் இழக்கிறார்கள்.

மீன் எங்கிருந்து வர வேண்டும் என்பதும் தெளிவு. கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் தொழில்நுட்பம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இதில் முன்னோடிகள். கோமாளி மீன்கள் எல்லாம் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். ஆகவே அளவில் வேறுபட்ட இரண்டு குஞ்சுகளை வாங்கினால் அவை தாமாகவே ஜோடி சேரும். முட்டை ஒரு வாரம், பத்து நாளில் பொரியும். குஞ்சுக்கு முதல் தீனி ரோட்டிஃபர் எனும் நுண்ணுயிரி, பிறகு ஆர்டீமியா. பண்ணையில் பிறந்த குஞ்சு உலர்தீனி தின்னப் பழகியிருக்கும், ஒட்டுண்ணி குறைவாக இருக்கும், கடலில் ஒரு மீனும் குறையாது. கடையில் “பண்ணை மீனா, கடல் மீனா?” என்று கேட்பதற்குத் தயங்க வேண்டாம். பதில் வராவிட்டால் வேறு கடை பார்க்கலாம்.

விடும் வரிசையிலும் கவனம் வேண்டும். பாறையும் பாக்டீரியாவும் நிலைபெற்றதும் முதலில் பாசி தின்னும் நத்தைகள், அடுத்த மாதம் மஷ்ரூமும் லெதரும், அவை நன்றாக விரிந்தபின் உளுவையும் இறாலும். சண்டைக்கார டாம்செல் வேண்டவே வேண்டாம். முதலில் நுழையும் மீன் தொட்டி முழுவதையும் தன் எல்லையாக்கிக்கொண்டு பின்னால் வருபவரை விரட்டும் என்பதால், கோமாளி ஜோடியைக் கடைசியாக விட வேண்டும்.